கடலரிப்பும் குடிமக்கள் பங்கும்: புதுவைக் கடற்கரை தரும் படிப்பினை

இந்தியப் பெருநிலப்பரப்பின் கடற்கரையில் 6,632 கிலோமீட்டர் நீளத்தைத் தேசியக் கடற்கரை ஆராய்ச்சி மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆராய்ந்துள்ளது. 1990 முதல் 2018 வரையிலான காலத்தைத் தழுவிய அவ்வாய்வின்படி, 33.6 விழுக்காடு கரை அரிப்புக்கு உள்ளாகியுள்ளது, 26.9 விழுக்காடு கரை வளர்ந்துள்ளது, 39.6 விழுக்காடு பெரிய மாற்றமின்றி இருக்கின்றது. மாநில வாரியாகப் பார்க்கையில் மேற்கு வங்கத்தில் 60.5 விழுக்காடும், புதுச்சேரியில் 56.2 விழுக்காடும், கேரளத்தில் 46.4 விழுக்காடும், தமிழ்நாட்டில் 42.7 விழுக்காடும் அரிப்புக்கு ஆளான கரை எனக் கணிக்கப்பட்டுள்ளது.

இவ்வெண்களைப் படிப்போர் பலர் அரிப்பு விழுக்காட்டோடு நின்றுவிடுவர். அதற்கு அடுத்துள்ள வளர்ச்சி விழுக்காட்டையும் சேர்த்தே நோக்க வேண்டும். ஓரிடத்தில் கரை தேய்வதும் அதற்கு அண்மையிலேயே மற்றோரிடத்தில் கரை அகல்வதும் பல சமயங்களில் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்களாகும். இடையே ஒரு துறைமுகமோ, ஆற்று முகத்துவாரத்தில் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவரோ நிற்பதைக் காணலாம். கடல் சீற்றமும் கடல்மட்ட உயர்வும் காரணங்களே எனினும், நகரங்களை ஒட்டிய கரைகளில் மனிதன் எழுப்பிய கட்டுமானமே பெரும்பாலும் முதற்காரணமாக அமைகின்றது. இதனை அரசினருக்கும் பொதுமக்களுக்கும் எடுத்துச் சொல்லி, தீர்வைத் தேடுவதில் குடிமக்கள் எவ்வாறு பங்கு கொண்டனர் என்பதற்குப் புதுவை நகரம் ஒரு சிறந்த எடுத்துக்காட்டு. அம்முயற்சி எவ்விடத்தில் வெற்றி கண்டது, எவ்விடத்தில் நின்றுவிட்டது என்பது வளர்ச்சிப் பணியில் ஈடுபட்டோர் அறிய வேண்டியதாகும்.

மணலின் பயணம்

கடற்கரை மணல் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று. அலைகள் கரையை நேர்கோணத்தில் வந்து மோதுவது அரிது; சற்றுச் சாய்ந்தே வருகின்றன. சாய்வாக ஏறும் நீர் மணலையும் சாய்வாகக் கரையேற்றுகின்றது; திரும்பும் நீரோ சரிவின் வழியே நேராக இறங்குகின்றது. இவ்வாறு ஒவ்வோர் அலைக்கும் மணற்பரல் சிறிதளவு பக்கவாட்டில் நகர்ந்து, இரம்பப் பல் போன்ற பாதையில் கரையோரமாகவே பயணம் செய்கின்றது. இதற்குக் கரையோர மணலோட்டம் என்று பெயர்.

சோழமண்டலக் கரையில் மார்ச்சு முதல் அக்டோபர் வரை தெற்கிலிருந்து வரும் அலைகளால் மணல் வடக்கு நோக்கிச் செல்கின்றது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில், அது தெற்கே திரும்புகின்றது. வடக்கே செல்லும் அளவே மிகுதியாதலின், ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் நிகர ஓட்டம் வடக்கு நோக்கியதாகும். தெற்கிலிருந்து வடக்கே செல்லும் நீரோட்டத்தைத் 'தெண்டி' என்றும், வடக்கிலிருந்து தெற்கே வருவதை 'வன்னி' என்றும் சென்னைப் பகுதி மீனவர் வழங்குவர். பொறியியல் நூல்கள் இம்மணலோட்டத்தை அளவிடத் தொடங்குவதற்கு முன்பே இவ்வறிவு குப்பங்களில் இருந்தது.

புதுவைக் கரையில் இந்நிகர ஓட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 இலட்சம் கன மீட்டர் எனப் பொதுவாக எடுத்தாளப்படுகின்றது. ஒரு லாரி 10 கன மீட்டர் ஏற்றும் எனக் கொண்டால், ஆண்டுக்கு 40,000 லாரிச் சுமை. நாளொன்றுக்குச் சராசரி நூற்றுக்கும் மேற்பட்ட லாரிகள். இவ்வளவு மணலை இயற்கை கூலியின்றிச் சுமந்து சென்றுகொண்டிருந்தது. இப்பாதையின் குறுக்கே கடலுக்குள் நீளும் சுவரொன்றைக் கட்டினால் என்ன நேரும் என்பதை ஊகிக்கப் பெரும் புலமை தேவையில்லை. சுவருக்குத் தெற்கே மணல் குவியும். வடக்கே செல்லும் மணல் நின்றுபோகும். ஆனால் வடக்குக் கரையிலிருந்து அலைகள் மணலை எடுத்துச் செல்வது நிற்காது. வரவு நின்று செலவு தொடரும் இல்லத்தின் நிலையே அக்கரையின் நிலையுமாகும்.

சென்னை இதற்கு முற்பட்ட சான்று. அங்குத் துறைமுகக் கட்டுமானம் 1876இல் தொடங்கியது. 1881ஆம் ஆண்டுப் புயலில் அலைத்தடுப்புச் சுவர்கள் பெருஞ் சேதமுற்றுப் பின்னர் மீண்டும் கட்டப்பட்டன. அத்துறைமுகத்திற்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து இன்றைய மெரினாவின் அகன்ற பரப்பு உருவாயிற்று. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளில் கடல் உட்புகுந்து தெருக்களையும் வீடுகளையும் கொண்டுபோயிற்று. மெரினாவின் அழகைப் போற்றுவோர் அதன் விலையை வடசென்னை செலுத்தியதை நினைப்பதில்லை. நூறாண்டுக் கால அனுபவம் கண்ணெதிரே இருந்தும், 150 கிலோமீட்டர் தெற்கே அதே தவறு மீண்டும் நிகழ்ந்தது.

துறைமுகமும் கற்சுவரும்

புதுவை நகரின் கிழக்கெல்லை, கடற்கரைச் சாலை எனப்படும் குபேர் அவென்யூ ஆகும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அமைந்த பழைய இரும்புப் பாலம் 1952ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. தூண்களின் மேல் நின்ற அத்தகைய பாலங்கள் மணலோட்டத்தைத் தடுப்பவையல்ல. மணல் தூண்களுக்கிடையே தாராளமாகச் சென்றது. நகரின் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில், 1980களின் பிற்பாதியில், துறைமுகத்திற்காக இரு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டபொழுதே நிலைமை மாறியது.

இங்கே ஒரு செய்தியைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். வடிவமைத்த பொறியாளர்கள் மணலோட்டத்தை அறியாதவர்கள் அல்லர். தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்குக் கரையில் சேர்க்கும் ஏற்பாடு திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. சுவர்கள் எழுந்தன, மணலைக் கடத்தும் பணி ஒழுங்காக நடைபெறவில்லை. கட்டுமானத்திற்கு ஒரு முறை நிதி ஒதுக்கினால் போதும். மணல் மாற்றும் பணிக்கோ ஆண்டுதோறும் ஒதுக்கீடு வேண்டும். நமது திட்டங்களில் மூலதனச் செலவுக்குக் கிடைக்கும் கவனம் பராமரிப்புச் செலவுக்குக் கிடைப்பதில்லை என்னும் பழைய குறை, இங்கே ஒரு கடற்கரையையே விலையாகக் கொண்டது. திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. தூர்வாரிக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை.

தெற்கே வீராம்பட்டினத்தின் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே கடற்கரைச் சாலையின் முன்னிருந்த மணற்பரப்பு சில ஆண்டுகளிலேயே மறைந்தது. சாலையையும் அதன் பின்னுள்ள கட்டடங்களையும் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. கற்சுவர் தன் பின்னே உள்ள நிலத்தைக் காக்கும். முன்னே உள்ள மணலைக் காக்காது. சுவரில் மோதும் அலையின் விசை அடிவாரத்து மணலை மேலும் குடைந்தெடுக்கின்றது. சுவர் முடியும் இடத்தில் அரிப்பு தொடங்குகின்றது. அதனைத் தடுக்கச் சுவர் நீட்டப்படுகின்றது. அரிப்பும் அந்த முனைக்கு நகர்கின்றது. இவ்வாறு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் எனக் கல்வரிசை வடக்கே நீண்டு மாநில எல்லையைத் தொட்டது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் ஆகிய ஊர்கள் உள்ளன. அரிப்பு அங்கும் சென்றது.

மணற்கரை இழப்பு மீனவர்க்கு வெறும் காட்சி இழப்பன்று. படகையும் கட்டுமரத்தையும் ஏற்றிவைக்க, வலை உலர்த்த, வலை செப்பனிட, மீன் காயவைக்க, ஏலமிட எல்லாவற்றுக்கும் மணற்பரப்பே தொழிற்கூடம். கரைவலை இழுப்பதற்கோ மணற்கரையின்றி வழியே இல்லை. கற்குவியலின் மேல் படகை ஏற்றி இறக்குவதில் படகும் உடையும், ஆளும் காயமுறுவர்.

நகரத்தார் குரலெழுப்பிய விதம்

புதுவையில் கடற்கரை மறைந்ததற்கு எதிராக முதலில் எழுந்தது வருத்தமே, கோரிக்கை அன்று. கடல் பெருகுகின்றது, காலம் கெட்டுவிட்டது என்பதே பரவலான எண்ணம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபொழுது நகரின் மையப்பகுதி பெருஞ் சேதமின்றித் தப்பியது. கற்சுவரே நகரைக் காத்தது என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. சுவரால் ஏற்படும் கேட்டை எடுத்துரைப்போர்க்கு இது பெரும் இடையூறாயிற்று. உயிரச்சத்தின் முன் மணலோட்டக் கணக்கு எடுபடுவதில்லை.

இந்நிலையை மாற்றியதில் 2007இல் தொடங்கப்பெற்ற 'பாண்டிகேன்' என்னும் குடிமக்கள் அமைப்புக்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வமைப்பினர் செய்த முதற்பணி காரணத்தை நிறுவியதாகும். பழைய நிழற்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் அருகருகே வைத்து, துறைமுகத்திற்கு முன் கரை எவ்வாறு இருந்தது, பின் எவ்வாறு ஆயிற்று எனக் காட்டினர். தெற்கே குவிந்த மணலும் வடக்கே இழந்த மணலும் ஒரே படத்தில் தெரிந்தபொழுது, 'கடற்சீற்றம்' என்னும் விளக்கம் தானே தளர்ந்தது. இயற்கையியல் திரைப்பட இயக்குநர் சேகர் தத்தாத்ரியின் ஆவணப்படம் ஒன்றும் இந்தியக் கரைகளின் இவ்விழப்பைப் பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டுவந்தது.

இதே காலத்தில் புதுவையில் ஆழ்கடல் துறைமுகம் ஒன்றை அமைக்கும் திட்டமும் முன்வைக்கப்பட்டது. இருக்கும் சுவர்களே இவ்வளவு கேடு விளைத்திருக்க, அவற்றினும் பெரியவை என்ன செய்யும் என்ற வினா எழுந்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2009இல் வெளியான தீர்ப்பு, துறைமுகத்தை நிறுவுவோரைத் தேர்ந்தெடுத்ததில் தலையிட மறுத்துவிட்டது. எனினும் அத்துறைமுகம் எழவில்லை. வழக்கில் தோற்ற வாதம் பொதுமன்றத்தில் வலுவிழப்பதில்லை என்பதற்கு இது சான்றாகலாம்.

அமைப்பின் கோரிக்கையில் ஒரு தெளிவு இருந்தது. 'கல் வேண்டாம்' என்பதோடு நில்லாமல், 'மணலைத் திருப்பித் தருக' என்று அது கேட்டது. மறுப்பு மட்டுமே உள்ள இயக்கத்தை அதிகாரிகள் எளிதில் ஒதுக்கிவிட இயலும். செய்யத்தக்க ஒரு பணியைச் சுட்டும் கோரிக்கைக்கு ஏதேனும் ஒரு விடை தந்தாக வேண்டும்.

கோரிக்கையைத் தாங்கி நிற்கத்தக்க மற்றொரு தரப்பும் புதுவையில் உண்டு. தேங்காய்த்திட்டு மீன்பிடி துறைமுகத்திலிருந்து செல்லும் விசைப்படகுகள் அதே முகத்துவாரத்தின் வழியே கடலுக்குச் செல்ல வேண்டும். அங்கு மணல் தூர்ந்தால் படகுகள் தரைதட்டுகின்றன. அலைகளில் கவிழும் இடரும் உண்டு. முகத்துவாரத்தில் வேண்டாத மணல், வடக்குக் கரையில் வேண்டிய மணல் ஆகிய இரண்டும் ஒன்றே. முகத்துவாரத்தைத் தூர்வாரும் செலவையும் கரையை நிரப்பும் செலவையும் தனித்தனித் துறைகள் தனித்தனியே எண்ணும்வரை இரண்டும் சுமையாகத் தோன்றும். சேர்த்து எண்ணினால் ஒரு பணியே இரு பயன் தருவது விளங்கும். விசைப்படகு மீனவர், கரைத்தொழில் மீனவர், நகரவாசி ஆகிய மூவரும் ஒரே விண்ணப்பத்தில் கையொப்பமிடக் கூடிய அரிய இனங்களுள் இது ஒன்று.

மணல் திரும்பிய பின்

புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கரை மீட்புத் திட்டம் ஒன்றை வகுத்தது. ஆப்பு வடிவ எஃகு அமைப்பொன்றைக் கற்களால் நிரப்பி, நகரின் வடபகுதியில் கரையிலிருந்து சிறிது தொலைவில் கடலடியில் அமர்த்துவது அதன் முதற்கூறு. நீருக்குள் மறைந்திருக்கும் இத்திட்டு, வரும் அலையின் விசையை முன்னரே குறைக்கின்றது. விசை குறைந்த நீரில் மணல் படிகின்றது. முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலைக் கரையில் சேர்ப்பது இரண்டாம் கூறு. 2018இல் வடக்குத் திட்டு நிறுவப்பட்டது. அதன்பின் தலைமைச் செயலகத்தின் எதிரே, ஒரு தலைமுறை கண்டிராத மணற்பரப்பு மீண்டும் தோன்றியது. மக்கள் திரண்டு வந்து மணலில் கால்பதித்தனர்.

வெற்றியை வெற்றியென்றே சொல்ல வேண்டும். கற்சுவரைத் தவிர வேறு வழியில்லை என்ற எண்ணத்தை அது உடைத்தது. ஆயினும் எந்த இடத்தில் மணல் திரும்பியது என்பதையும் நோக்க வேண்டும். சுற்றுலாப் பயணிகள் உலாவும், அரசு அலுவலகங்கள் நிற்கும் கரையே முதலில் மீண்டது. தெற்கில் அமைய வேண்டிய மற்றொரு திட்டு அதனுடன் சேர்ந்து நிறைவேறவில்லை. ஓரிடத்தில் மணலைப் பிடித்து நிறுத்தும் எந்த அமைப்பும், ஈடாக வெளியிலிருந்து மணல் ஊட்டப்படாவிடில், அடுத்த ஊரின் பங்கையே பிடித்து நிறுத்துகின்றது. கடலடித் திட்டும் இவ்விதிக்கு விலக்கன்று. மணல் ஊட்டும் இரண்டாம் கூறு ஆண்டுதோறும் தொடர்ந்தால்தான் முதற்கூறு நியாயமாகும்.

வடக்கேயுள்ள ஊர்களின் அமைப்பு இதனை மேலும் தெளிவாக்குகின்றது. புதுச்சேரி ஆட்சிப்பகுதி ஒரே தொடராக அமைந்ததன்று. நகரின் வடக்கே தமிழ்நாட்டின் கோட்டக்குப்பமும் பொம்மையார்பாளையமும் வருகின்றன. அவற்றைக் கடந்தால் பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு என மீண்டும் புதுச்சேரி. அதற்கும் வடக்கே மீண்டும் தமிழ்நாடு. புதுவை நகரின் கற்சுவரால் தமிழ்நாட்டு ஊர்கள் மணலிழந்தன. அங்கே தமிழ்நாடு தடுப்பு அமைத்தால், அதன் வடபுறம் இருப்பது புதுவையைச் சேர்ந்த பிள்ளைச்சாவடி. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி அப்பகுதியில் வீடுகள் கடலுக்கு இரையாயின. மணலுக்கு இந்த எல்லைக்கோடுகள் தெரியா.

அரிப்புக்குள்ளான குப்பத்து மக்கள் பெரும்பாலும் கேட்பது கற்சுவரையும் 'தூண்டில் வளைவு' எனப்படும் குறுக்குச் சுவரையுமே. இதற்காக அவர்களைக் குறைகூறுதல் தகாது. அடுத்த புயலில் வீடு போகும் நிலையில் உள்ளவர், பத்தாண்டுக்கால மணல் கணக்கைக் கேட்டுக்கொண்டிரார். கேரளத்தில் கொச்சிக்குத் தெற்கேயுள்ள செல்லானம் மக்கள் பல்லாண்டு போராடி வேண்டியதும் உறுதியான சுவரையே. 2022இல் அங்கு நாற்கால் கான்கிரீட் கட்டிகளாலான சுவர்ப்பணி தொடங்கி, ஏறத்தாழ 7 கிலோமீட்டர்க் கரை காப்புப் பெற்றது. வீடுகளுக்குள் கடல்நீர் புகும் துன்பம் அங்கே குறைந்தது உண்மை. சுவர் எட்டாத கண்ணமாலிப் பகுதி மக்கள், தங்களுக்கும் அது வேண்டுமெனப் போராடலாயினர். புதுவையில் கல்வரிசை நீண்ட அதே முறை இது. குப்பத்து மக்களின் உடனடிப் பாதுகாப்பையும் மணலோட்டத்தின் தொடர்ச்சியையும் ஒருங்கே பேசாத எந்தக் கோரிக்கையும், நகரத்து நலனின் குரலாகவே அவர்கள் காதில் விழும்.

இரு அரசுகள், ஒரு மணல்

ஆறு இரு மாநிலங்களில் ஓடினால் அதன் நீரைப் பற்றிய பூசலைத் தீர்க்க 1956ஆம் ஆண்டு முதல் ஒரு சட்டம் உள்ளது. கரையோர மணலுக்கு அத்தகைய சட்டம் இல்லை. மணலோட்டத்தைத் தடுத்த அரசு ஒன்றாகவும், கரை இழந்த அரசு மற்றொன்றாகவும் இருப்பின், யார் யாரிடம் முறையிடுவது என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை.

ஆஸ்திரேலியாவில் இதே சிக்கல் எழுந்து, ஒரு விடையும் கண்டது. நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து ஆகிய மாநிலங்களின் எல்லையில் ட்வீட் ஆறு கடலில் கலக்கின்றது. அங்கும் மணல் வடக்கு நோக்கியே செல்கின்றது. 1960களில் முகத்துவாரத்துச் சுவர்கள் நீட்டப்பட்டன. படகுப் போக்குவரத்துக்கு அது நியூ சவுத் வேல்ஸ் செய்த ஏற்பாடு. மணல் இழந்ததோ எல்லைக்கு வடக்கே குயின்ஸ்லாந்தின் கூலங்கட்டா, கிர்ரா கடற்கரைகள்; சுற்றுலாவை நம்பி வாழும் கோல்டு கோஸ்ட் நகரின் பகுதிகள் அவை. நீண்ட பேச்சுக்குப்பின் இரு மாநிலங்களும் உடன்பாடு கண்டு சட்டமும் இயற்றின. ஆற்றுக்குத் தெற்கே கடலுக்குள் நீளும் பாலம் ஒன்றில் பொருத்திய இயந்திரங்கள் மணலை உறிஞ்சி, ஆற்றின் அடியே செல்லும் குழாய் வழியாக வடகரைக்கு அனுப்புகின்றன. 2001இல் தொடங்கிய இப்பணி, ஆண்டுக்குச் சராசரி 5 இலட்சம் கன மீட்டர் அளவில் நடைபெறுகின்றது. புதுவையின் தேவையும் ஏறத்தாழ அந்த அளவினதே.

அங்கும் எல்லாம் செம்மையாக நடந்துவிடவில்லை. தொடக்க ஆண்டுகளில் மிகுதியாக மணல் அனுப்பப்பட்டதால் கிர்ராவில் கரை அளவுக்கு மேல் அகன்று, அலைச்சறுக்கு விளையாட்டினரும் வணிகரும் முறையிட்டனர். மணல் குறைந்தபொழுது எழுந்த குரல் மணல் மிகுந்தபொழுதும் எழுந்தது. அதற்கேற்ப அனுப்பும் அளவு திருத்தப்பட்டது. பொதுமக்கள் கருத்துச் சொல்ல ஆலோசனைக் குழுவொன்று திட்டத்தின் அமைப்பிலேயே இடம்பெற்றிருந்ததால் இது இயன்றது.

நம் நாட்டிலும் விசாகப்பட்டினம் ஓரளவு இவ்வழியில் சென்றுள்ளது. துறைமுகத்தில் தூர்வாரும் மணலை நகரின் இராமகிருஷ்ணா கடற்கரைக்குக் குழாய் வழியே அனுப்பும் வழக்கம் அங்கு உண்டு. அவ்வாறு ஊட்டியும் அக்கரையில் அரிப்பு முற்றிலும் நிற்கவில்லை. ஆயினும் துறைமுகமே தான் தடுத்த மணலுக்குப் பொறுப்பேற்கும் நெறி அங்கு ஏற்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது.

சட்டம் திறந்துவைத்துள்ள வாயில்கள்

குடிமக்கள் கோரிக்கைக்குச் சட்டத்தில் இடமுண்டா என வினவும் மாணவர்க்குச் சில செய்திகள் பயன்படும். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991 பிப்ரவரி 19இல் வெளியிடப்பட்டது. 2011இலும் 2019இலும் புதிய அறிவிக்கைகள் வந்தன. அரிப்புத் தடுப்புப் பணிகளை அனுமதிக்கும்பொழுதே, அவை அறிவியல் ஆய்வின் அடிப்படையில் அமைய வேண்டுமென 2011ஆம் ஆண்டு அறிவிக்கை கூறிற்று. ஆகவே 'கடலரிப்பைத் தடுக்கவே கல் கொட்டுகிறோம்' என்பது மட்டும் போதிய விடையன்று. எந்த ஆய்வின்படி, அதன் விளைவு அண்டைக் கரைக்கு என்ன என்று கேட்பதற்கு இடமுண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2005) அவ்வாய்வறிக்கையைப் பெறுவதற்கு வழிசெய்கின்றது.

2006 செப்டம்பரில் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, துறைமுகம் போன்ற பெருந்திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பைக் கட்டாயமாக்கியது. மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ அதற்குத் தலைமை வகிக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியில் கிடைக்க வேண்டும். இவ்வாயிலில் ஒரு பெருங்குறை உண்டு. கருத்துக் கேட்பு திட்டம் அமையும் மாவட்டத்தில் நடைபெறுகின்றது. மணலிழக்கும் ஊர் அடுத்த மாவட்டத்திலோ அடுத்த மாநிலத்திலோ இருக்கும். அரியாங்குப்பத்தில் ஒரு கூட்டம் நடந்தால் பொம்மையார்பாளையத்து மீனவர்க்கு அழைப்பு வருமா? மணலோட்டத்தின் போக்கை வைத்துக் கருத்துக் கேட்பின் எல்லையை வகுப்பது, தலைமை வகிக்கும் அதிகாரி எண்ணிப்பார்க்க வேண்டியதொன்று.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பூசலுக்கான காரணம் முதலில் எழுந்த 6 மாதத்திற்குள் அதன்முன் விண்ணப்பிக்க வேண்டும். தக்க காரணமிருப்பின் மேலும் 60 நாள் வரை இசைவு கிடைக்கலாம். மெல்லத் தேயும் கரைக்கு இக்காலவரை பொருந்துவதில்லை. அரிப்பு கண்ணுக்குப் புலப்படுவதற்கே இரண்டு மூன்று பருவங்கள் ஆகும். எனவே, கட்டுமானம் தொடங்குமுன்பே கரையின் நிலையை அளந்து பதிவுசெய்து வைத்திருக்கும் ஊருக்கே வழக்கில் வலிமை உண்டு.

நிதியைப் பொறுத்தவரை, 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்திற்கு, அரிப்பைக் குறைக்கும் பணிகளுக்கு ரூ. 1,500 கோடியும், அரிப்பால் இடம்பெயர்ந்தோரின் மறுகுடியமர்வுக்கு ரூ. 1,000 கோடியும் பரிந்துரைத்தது. கடலரிப்புடன் ஆற்றரிப்பையும் உள்ளடக்கிய தொகை இது. அரிப்பைப் பேரிடராக மதித்து நிதிவழி ஏற்பட்டது முக்கியமான மாற்றமாகும்.

கரையை அளத்தல்

ஊரார் கரையை அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அமெரிக்கக் கடலியல் அறிஞர் எமரி 1961இல் விளக்கிய எளிய முறை இன்றும் உலகெங்கும் கையாளப்படுகின்றது. ஒன்றரை மீட்டர் உயரமுள்ள இரண்டு கோல்கள், அவற்றை அதே நீள இடைவெளியில் இணைக்கும் கயிறு, ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். கோல்களில் சென்டிமீட்டர் அளவு மேலிருந்து கீழாகக் குறிக்கப்பட வேண்டும். சாலையோரத்தில் நிலையான ஒரு கல்லையோ தூணையோ தொடக்கமாகக் கொண்டு, கடலை நோக்கிக் கோல்களை முன்னும் பின்னுமாக நட்டுச் செல்ல வேண்டும். பின்கோலின் அருகே நிற்பவர், முன்கோலின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும்படி பார்வையை வைத்து, அக்கோடு தம் கோலைத் தொடும் இடத்தின் அளவைப் படிக்கின்றார். அதுவே அவ்விடைவெளியில் மணல் இறங்கிய அளவு. தரை மேடேறும் இடத்தில் பின்கோலின் உச்சியிலிருந்து நோக்கி முன்கோலின் அளவைப் படிக்க வேண்டும். கிழக்குக் கரையில் இளங்காலை வெயில் கண்ணில் அடிக்கும்; பிற்பகல் நேரமே வசதியானது.

இவ்வாறு அளந்த இறக்கங்களைத் தாளில் வரைந்தால் கரையின் குறுக்குத்தோற்றம் கிடைக்கும். மாதம் இருமுறை, வற்று நேரத்தில், அதே கல்லிலிருந்து அளந்து வந்தால், பருவத்தோடு வந்துபோகும் மணல் எது, திரும்பாமலே போன மணல் எது என்பது ஓரிரு ஆண்டில் பிரிந்து தெரியும். வடகிழக்குப் பருவக்காற்றின்போது இழந்த கரை கோடையில் மீள்வது இயல்பு. அதனை அரிப்பு எனக் கூறி மனுக்கொடுத்தால், கோடையில் வரும் ஆய்வு அலுவலர் வளர்ந்த கரையைக் கண்டு கோப்பை மூடிவிடுவார். கரையோரக் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும், உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் மீனவர் கிராமப் பஞ்சாயத்தாருடன் சேர்ந்து இப்பணியை மேற்கொள்ள இயலும். வீராம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் கோட்டக்குப்பத்திலும் பிள்ளைச்சாவடியிலும் ஒரே நாளில் ஒரே முறையில் எடுத்த அளவுகளை அடுத்தடுத்து எழுதிவைத்தால், அந்தக் குறிப்பேடு இரு மாவட்ட நிர்வாகங்களின் மேசையிலும் வைக்கத்தக்க ஆவணமாகும்.